தோன்றா எழுவாய்: பக்ராம் பழிச் சண்டையைப் பிரித்துப் படிக்க ஒரு வழி

நாளிதழ் ஒன்றில் உலகச் செய்திப் பக்கம் பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்தான். 2021 ஜூலை முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, பக்கம் முடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஆப்கானிஸ்தானிலிருந்து ஏஜென்சி காப்பி ஒன்று வந்து விழுந்தது. காபூலுக்கு வடக்கே இருக்கும் பக்ராம் விமானப்படைத் தளத்தை அமெரிக்கப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டது. அவர்கள் போன இருபது நிமிடத்தில் தளத்தில் மின்சாரம் போய்விட்டது. இருட்டைப் பார்த்துத் திருடர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். தளத்தை ஏற்க வேண்டிய ஆப்கன் தளபதி மீர் அசதுல்லா கோஹிஸ்தானிக்கு விஷயம் தெரிந்ததே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான்.

தலைப்பு தானாகவே வந்தது: ‘சொல்லாமல் கொள்ளாமல் ஓடியது அமெரிக்கப் படை.’ நாலு பத்தி அகலத்துக்குக் கச்சிதம். ஒரு எழுத்துகூடப் பிதுங்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பையன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவன். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்கு அக்கா சொல்லாமல்?” என்றான்.

“ஆப்கன்காரங்களுக்குத்தான்.”

“எந்த ஆப்கன்காரங்களுக்கு?”

“டீ ஆறுது, குடி” என்றேன். தலைப்பு அப்படியே போய்விட்டது.

அடுத்து பென்டகன் விளக்கம் வந்தது. தளத்தை ஒப்படைப்பது பற்றி ஆப்கன் தலைமையோடு 48 மணி நேரம் முன்பே பேசியாகிவிட்டது, கிளம்பும் நேரத்தை மட்டும் பாதுகாப்பு காரணமாகச் சொல்லவில்லை என்றார்கள். கோஹிஸ்தானி சொன்னதும் பொய்யில்லை. பென்டகன் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மேலே இருந்த சிலருக்குத் தெரியும். காவலுக்கு நிற்க வேண்டிய தளபதிக்கு அந்த நேரம் தெரியாது. ‘சொல்லாமல்’ என்ற என் ஒற்றைச் சொல் இதையெல்லாம் மூடிவிட்டது.

அந்தப் பையனிடம் நான் கற்றதைத்தான் இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ‘அவர் மூடினார், இவர் விட்டார்’ என்று கட்சிகள் அடித்துக்கொள்ளும் எந்தச் செய்திக்கும் இது உதவும். ஆனால் பழகிப் பார்க்க பக்ராமைவிட நல்ல பாடம் கிடைக்காது. தளம் கைவிட்டுப் போன பழியை டிரம்ப் தரப்பும் பைடன் தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் போட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் தூசி தட்டி எடுப்பார்கள்.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். கணினி வேண்டாம், கையால் எழுதுங்கள். செய்தியில் இருக்கும் வினைச்சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்ராம் செய்திகளில் எனக்குக் கிடைத்தவை இவை: மூடப்பட்டது, கைவிடப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது, காலி செய்யப்பட்டது, விட்டு ஓடினார்கள், தாரை வார்த்தார்கள். ஆறும் ஒரே ராத்திரியைப் பற்றியவை. ‘ஒப்படைத்தார்கள்’ என்றால் வாங்கிக்கொள்ள எதிரே ஒருவர் நிற்கிறார். ‘கைவிட்டார்கள்’ என்றால் யாரும் இல்லை. ‘தாரை வார்த்தார்கள்’ என்றால் எதிரே இருப்பவர் எதிரி, கொடுத்தவர் முட்டாள். எந்த வினையைப் பிடிக்கிறோமோ அங்கேயே தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. மொழிபெயர்க்கிறவருக்கு இதில் கட்சிக்காரரைவிட அதிகப் பொறுப்பு.

அப்புறம் ஒவ்வொரு வினைக்கும் இடது பக்கம் ஓர் எழுவாய் போடுங்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. அதுவே ஆபத்தும்கூட. ‘மூடிவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். யார் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. பள்ளியில் இதைத் தோன்றா எழுவாய் என்று படித்தோம். அரசியல்வாதிக்கு இதைவிடப் பிடித்த இலக்கணம் கிடையாது. ‘பட்டது’ போட்டு எழுதினால் இன்னும் மோசம். அங்கே செய்தவர் அடியோடு மறைந்துவிடுகிறார். என் டெஸ்கில் ‘மூடப்பட்டது’ என்று யாராவது எழுதினால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். திட்டிக்கொண்டேதான் திருத்துவார்கள்.

இப்படி எழுவாய் தேடிப் போனால் ‘பக்ராமை மூடியது’ என்பது ஒரே செயல் இல்லை என்று தெரியும். உள்ளே குறைந்தது ஐந்து முடிவுகள் இருக்கின்றன. ஐந்துக்கும் வேறு வேறு தேதி, வேறு வேறு கையெழுத்து.

முதல் முடிவு, வெளியேற ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரி 29, தோஹா. அமெரிக்கா சார்பில் ஜல்மே கலீல்சாத், தாலிபான் சார்பில் முல்லா அப்துல் கனி பராதர். அதிபர் டிரம்ப். இந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள், நாலே பக்கம்தான். முதல் 135 நாளில் படையை 8,600 பேராகக் குறைத்து ஐந்து தளங்களை விட வேண்டும். பதினாலு மாதத்துக்குள், அதாவது 2021 மே 1-க்குள், மீதித் தளங்களிலிருந்தும் எல்லாப் படையும் போய்விட வேண்டும். ‘பக்ராமைத் தவிர’ என்று எங்கும் இல்லை. “நான் இருந்திருந்தால் பக்ராமை வைத்திருப்பேன்” என்று டிரம்ப் பிறகு சொல்லும்போதெல்லாம் இந்த வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் அஷ்ரஃப் கனியின் ஆப்கன் அரசு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, எண்ணிக்கை. தேர்தலில் தோற்ற பிறகு, 2020 நவம்பரில், படையை 2,500 ஆகக் குறைக்கச் சொன்னது டிரம்ப் நிர்வாகம். ஜனவரி நடுவில் குறைந்தும்விட்டது. பைடன் பதவியேற்றபோது கைக்கு வந்தது அந்த 2,500-தான். அதே 2,500-ஐ வைத்துக்கொண்டு இன்னும் இருக்கலாம் என்பது மார்க் மில்லி, கென்னத் மெக்கென்சி ஆகிய ஜெனரல்களின் கருத்து. 2021 செப்டம்பரில் செனட் குழு முன்னால் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார்கள். ஆனால் ஆகஸ்டில் தொலைக்காட்சிப் பேட்டியில் பைடன், அப்படி யாரும் தன்னிடம் சொன்னதாக நினைவில்லை என்றிருந்தார். இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதி வையுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னது, மற்றது பேட்டியில் சொன்னது என்று குறித்தால் வாசகர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, முழுதாக வெளியேறும் முடிவு. 2021 ஏப்ரல் 14, அதிபர் பைடன். மே 1-ஐத் தள்ளி செப்டம்பர் 11-க்குள் என்றார். ஜூலையில் ஆகஸ்ட் 31 என்று முன்னுக்கு இழுத்தார். “டிரம்ப் எங்கள் கையைக் கட்டிவிட்டுப் போனார்” என்பது பைடன் தரப்பின் வாதம். 2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட 12 பக்க ஆவணத்தின் சாரமே அதுதான். சரி, கட்டிய கைதான். ஆனால் தேதியை மாற்ற அதே கையால் முடிந்ததே? இந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நாலாவதில்தான் பக்ராம் என்ற பெயரே வருகிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போங்கள். பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான்.

தளத்தை மனதில் கொண்டுவாருங்கள். 1950-களில் சோவியத்காரர்கள் கட்டியது. 1979-க்குப் பிறகு அவர்களுடைய போருக்கே பெரிய தளம். 2001-க்குப் பிறகு அமெரிக்கர்களுடையது. இரண்டு ஓடுதளம், 2006-ல் கட்டியது 12,000 அடி நீளம். ஆஸ்பத்திரி, சிறை, கிடங்குகள், சுற்றுச்சுவர் என்று ஒரு சின்ன நகரம். காபூல் விமான நிலையத்துக்கோ ஒரே ஓடுதளம், சுற்றிலும் வீடுகள். படம் வரைந்து பார்த்தால் யாரும் “பக்ராமை விட்டுக் காபூலைப் பிடித்தது பைத்தியக்காரத்தனம்” என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

பிறகு கணக்கைப் பார்த்தேன். ஏப்ரல் முடிவுக்குப் பிறகு தளபதிகளுக்குக் கொடுத்த வேலை தூதரகத்தைக் காப்பது. தூதரகம் காபூலில். அதற்கு மிஞ்சும் படை 600, 700 பேர் என்ற அளவுக்குக் கீழே வர வேண்டும். பக்ராமை ஓட்டவும் காக்கவும் மட்டுமே 5,000 பேர் வரை வேண்டியிருக்கும், அது தூதரகத்திலிருந்து 30 மைல் தள்ளி இருக்கிறது என்று பாதுகாப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் செனட் குழுவில் சொன்னார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது என்பது மில்லியின் பதில். எண்ணிக்கையைக் கொடுத்தது வெள்ளை மாளிகை. அந்த எண்ணிக்கைக்குள் எந்தத் தளம் என்று பரிந்துரைத்தது ராணுவம். பரிந்துரையை ஏற்றது மறுபடி அதிபர். ஆகஸ்ட் 26 அன்று பைடனே இதை நிருபர்களிடம் சொன்னார்: பக்ராமால் பெரிய பயனில்லை என்று ராணுவம் முடிவு செய்தது, நான் ஏற்றேன் என்று. ஆக ‘பைடன் மூடினார்’ என்பதும் அரைகுறை, ‘ஜெனரல்கள் மூடினார்கள்’ என்பதும் அரைகுறை. 650 பேரைக் கொடுத்துத் தூதரகத்தைக் காக்கச் சொன்னால் எந்தத் தளபதியும் பக்ராம் என்ற அந்தச் சின்ன நகரத்தைத்தான் விடுவார்.

ஆனால் 5,000 என்ற அந்தக் கணக்கையும் அப்படியே விழுங்காதீர்கள். ஆகஸ்டில் காபூல் விழும் நேரத்தில் விமான நிலையத்துக்கு அமெரிக்கா அனுப்பிய படை ஏறத்தாழ 6,000. ஜூலையில் ‘அவ்வளவு பேர் முடியாது’ என்ற எண்ணிக்கை ஆகஸ்டில் முடிந்தது. அப்படியானால் கேள்வி தளத்தைப் பற்றியதே இல்லை. மக்களை வெளியேற்றும் உத்தரவு எப்போது வந்தது என்பதுதான் கேள்வி.

அது ஐந்தாவது முடிவு. 2024 மார்ச்சில் பிரதிநிதிகள் சபைக் குழு முன்னால் மில்லியும் மெக்கென்சியும் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: வெளியேற்ற உத்தரவைத் தர வேண்டியது வெளியுறவுத் துறை, அது மிகத் தாமதமாகத் தந்தது. அவர்களும் தங்கள் துறையின் மேல் இருக்கும் சுமையை அடுத்த துறையின் தோளுக்கு மாற்றுகிறார்கள்தான், அதையும் மனதில் வையுங்கள். ஆனாலும் தேதிகள் அவர்கள் பக்கம். உத்தரவு வந்தது ஆகஸ்ட் நடுவில். ஆகஸ்ட் 15 அன்று காபூலும் பக்ராமும் ஒரே நாளில் தாலிபான் கைக்குப் போயின.

இப்போது நோட்டில் ஐந்து வரி இருக்கும். இனி எந்த அரசியல்வாதி பக்ராம் என்று வாயைத் திறந்தாலும், அவர் ஐந்தில் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறார், எந்த வரியின் எழுவாயைத் தூக்கி எந்த வரியில் போடுகிறார் என்று பாருங்கள். டிரம்ப் நாலாவது வரியை மட்டும் பேசுவார்; முதல் வரி அவர் கையெழுத்து. பைடன் தரப்பு முதல் வரியை மட்டும் பேசும்; மூன்றாவது அவர் கையெழுத்து. ஜெனரல்கள் இரண்டாவதையும் ஐந்தாவதையும் பேசுவார்கள். நாலாவதில் வேகமாகக் கடந்துபோவார்கள். 2024 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் வெளியிட்ட தடித்த அறிக்கையையும் இப்படியே படியுங்கள். தேதியைப் பார்க்காமல் அறிக்கையைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் டெஸ்க் வழக்கம்.

சில வாதங்களில் எழுவாய் ஒளிந்திருப்பது இன்னும் ஆழமாக இருக்கும். உதாரணத்துக்கு அந்தச் சிறை. ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலையத்தின் அபே வாசலில் குண்டு வெடித்தது. 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியர்களும் செத்தார்கள். குண்டை வெடிக்கச் செய்த ஐ.எஸ். ஆள் பக்ராம் சிறையில் இருந்தவன். ஆகஸ்டில் தாலிபான் சிறையைத் திறந்தபோது வெளியே வந்தவன். இதிலிருந்து ‘தளத்தை மூடாமல் இருந்தால் 13 பேர் செத்திருக்க மாட்டார்கள்’ என்று ஒரே தாவலில் போய்விடுவார்கள். கேட்க உறைக்கும் வாதம்தான். ஆனால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது: அந்தச் சிறையை அமெரிக்கா 2013 மார்ச்சிலேயே ஆப்கன் அரசிடம் ஒப்படைத்துவிட்டது. 2021 ஜூலையில் சாவி ஆப்கன் காவலர்களிடம்தான். பக்கத்தில் அமெரிக்கப் படை இருந்திருந்தால் சிறை உடைந்திருக்காது என்று வாதிடலாம், தவறில்லை. அது ஒரு ஊகம் என்று சொல்லிவிட்டு வாதிட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரிக்குப் பிறகு அந்த ஆகஸ்ட் 26 வரை சண்டையில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்கூடச் சாகவில்லை. இதைக் காட்டி ‘2,500 பேரே போதும், அமைதியாகத்தானே இருந்தது’ என்பார்கள். அமைதிக்கு எழுவாய் யார்? தோஹாவில் வெளியேறுவதாகச் சொன்னதால் தாலிபான் அமெரிக்கர்களைத் தொடவில்லை. ஆப்கன் சிப்பாய்களை அந்த மாதங்களில் கொன்றுகொண்டேதான் இருந்தார்கள். வெளியேறவில்லை என்று மே 2 அன்று சொல்லியிருந்தால் அந்த அமைதி எத்தனை நாள்?

ஆப்கானியர்களை எழுவாய் இடத்தில் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். வாஷிங்டன் சண்டையில் அவர்கள் எப்போதும் செயப்படுபொருள்தான். ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்தில்லை, தளத்திலிருந்து கிளம்பும் நேரம் அவர்கள் தளபதிக்குத் தெரியாது. ஆனால் பக்ராமில் கோஹிஸ்தானியிடம் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். ஆகஸ்ட் 15-இல் தளம் கைமாறியது சண்டையில்லாமல். அஷ்ரஃப் கனி அன்றே நாட்டைவிட்டுப் போனார். இவற்றுக்கும் எழுவாய் வேண்டும். அதே சமயம், அமெரிக்கர்கள் விட்டுப்போன பட்டியலையும் பாருங்கள்: 35 லட்சம் பொருட்கள். தண்ணீர் பாட்டில், டப்பா உணவு, கதவுகள், ஆயிரக்கணக்கான வண்டிகள். வண்டிகளில் பலவற்றுக்குச் சாவி இல்லை. ஒரு படைக்கு ஆயிரம் வண்டியைக் கொடுத்துச் சாவியைக் கொடுக்காமல் போவதை என்ன வினைச்சொல்லால் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ‘ஒப்படைத்தார்கள்’ என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் எப்படிப் பங்கு பிரிப்பீர்கள் என்று பையன்கள் கேட்பார்கள். கேட்டால் சொல்வேன், செய்தியில் எழுதமாட்டேன். வெளியேற்றத்தின் அடித்தளம் டிரம்ப்புடையது. வேளையும் எண்ணிக்கையும் பைடனுடையவை. மக்களை வெளியேற்றத் தாமதித்தது, என் கணக்கில், பக்ராமைவிடப் பெரிய தப்பு. ராத்திரி விளக்கணைந்த அந்த இரண்டு மணி நேரம் ராணுவத்துடையது; அதை எந்த அதிபர் தலையிலும் கட்ட முடியாது. பக்ராமை மூடியது ஏப்ரலில் போட்ட கணக்குக்கு ஜூலையில் வந்த விடை. விடையைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் கணக்கைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள்.

வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் பிரிட்டனுக்குப் போன டிரம்ப், பக்ராமைத் திரும்பப் பெற முயல்வதாகச் சொன்னார். சீனா அணு ஆயுதம் செய்யும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவாம். சீனாவின் லாப் நூர் அணு சோதனைத் தளம் பக்ராமிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்றால் எந்த வாகனத்தில் என்று கேட்க வேண்டும். தாலிபான் தர முடியாது என்றுவிட்டது. இந்தக் காப்பியைப் பார்த்த அன்று எங்கள் டெஸ்கில் ‘திரும்பப் பெற’ என்ற வினையில் அரை மணி நேரம் சண்டை. திரும்பப் பெற என்றால் முன்பு அவர்களுடையதா? ‘மீண்டும் அமைக்க’ என்று போட்டோம்.

அடுத்த மாதம் மாஸ்கோவில் ஆப்கானிஸ்தான் பற்றிய கூட்டம் நடந்தது. ரஷ்யா, சீனா, பாகிஸ்தான், இந்தியா உட்பட வந்த நாடுகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஆப்கானிஸ்தானிலும் அண்டை நாடுகளிலும் தங்கள் ராணுவக் கட்டமைப்பை நிறுவ ‘நாடுகள்’ செய்யும் முயற்சி ஏற்க முடியாதது என்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே தாளில். அந்தப் பையன், இப்போது அவன் பையன் இல்லை, அவனுக்கே கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள், தலைப்பு எழுதிக் கொண்டுவந்தான்: ‘பக்ராம்: அமெரிக்காவுக்கு இந்தியா எதிர்ப்பு.’

அறிக்கையில் பக்ராம் இல்லை. அமெரிக்காவும் இல்லை. நான் பேனாவை எடுப்பதற்குள் அவனே பார்த்துவிட்டான்.

“அக்கா, இத்தனை நாடும் சேர்ந்து எழுவாயே இல்லாமல் எழுதியிருக்காங்களே” என்றான்.

“அவங்க எழுதலாம். நீ எழுதக் கூடாது. டீ சொல்லு” என்றேன்.